உறையை வீசாதீங்க!

சிறுவயதில் அந்தச் சேகரிப்பாளர், கடித உறையைத் தண்ணீரில் ஊறவைத்து ஸ்டாம்பை மட்டும் எடுத்துக்கொண்டு உறையை வீசிவிடுவார். அவர் மனதை மாற்றியது மாஃபெகிங்.

தென்னாப்பிரிக்காவின் அந்த ஊரை 1899 அக்டோபரில் போயர் படை முற்றுகையிட்டது. 217 நாள்கள்! ஊருக்குள் சிறுவர்கள் சைக்கிளில் தபால் கொண்டுபோனார்கள். 1900-ல் அங்கேயே தயாரான நீல ஸ்டாம்புகளில், ஒன்றில் சைக்கிளோடு சிறுவன் குட்இயர். இன்னொன்றில் தளபதி பேடன் பவல்.

வெளியூர்க் கடிதங்களைச் சுமந்தவர்கள் அந்த மண்ணின் கறுப்பினத்தவர்கள். இருட்டில், கால்நடையாக, எதிரியின் காவலைத் தாண்டவேண்டும். பிடிபட்டால் உயிருக்கே ஆபத்து. அவர்கள் முகம் அந்த ஸ்டாம்புகளில் இல்லை. அவர்கள் சுமந்த உறைகள்தான் சாட்சி.

இப்போதெல்லாம் அவர் எந்த உறையையும் நனைப்பதில்லை.