டோர் ஏழு

செவ்வாய், இரவு

லுவா மொழியில் நான் எழுதும் ஆட்டத்தில், கோட்டைக்குள் பன்னிரண்டு கதவுகள். டோர்1, டோர்2 என்று பன்னிரண்டு மாறிகள். எந்தக் கல்லை மிதித்தால் எது திறக்கும் என்று பன்னிரண்டு 'இஃப்'. நாலாவது எழுதும்போதே அலுத்துவிட்டது. நல்லவேளை, லுவாவில் குளோபல் மாறிகள் எல்லாமே ஒரு டேபிளுக்குள்தான் குடியிருக்கின்றன. அண்டர்ஸ்கோர் ஜி என்று அதற்குப் பெயர். 'டோர்' என்ற சொல்லோடு 7-ஐ ஒட்டிச் சதுர அடைப்புக்குள் கொடுத்தால் ஏழாவது கதவு வந்து நிற்கிறது. 36 வரி மூன்றாகச் சுருங்கியது.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டுக்கு லுவாவில் ஆட்-ஆன் எழுதுபவர்களுக்கு இது பழைய வித்தை. 2004-இல் வந்த அந்த ஆட்டத்தில் ஆக்‌ஷன்பட்டன்1 முதல் ஆக்‌ஷன்பட்டன்12 வரை ஒவ்வொரு பொத்தானும் ஒரு குளோபல் மாறி. எண்ணை ஒட்டித்தான் பிடிப்பார்கள். ஆகவே நான் செய்தது தப்பில்லை என்று தூங்கப் போகிறேன்.

வியாழன்

ஒழுங்காக எழுதுவோமே என்று பன்னிரண்டுக்கும் முன்னால் 'லோக்கல்' சேர்த்தேன். ஒரு கதவும் திறக்கவில்லை. லோக்கல் மாறி அந்த டேபிளுக்குள் வருவதே இல்லை. கம்பைல் ஆனதும் அது வெறும் ரெஜிஸ்டர் எண். பெயரை, பிழை தேடுகிறவனுக்காக ஓரமாகக் குறித்து வைப்பதோடு சரி. கூப்பிட்ட பெயரில் ஆள் இல்லையென்றால் லுவா திட்டவும் மாட்டேன் என்கிறது; 'நில்' என்று ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறது. அதை நம்பிப் பத்து வரி தள்ளிப் போய் விழுந்தேன். லோக்கலை எடுத்துவிட்டேன்.

சனி

தம்பி போன் பண்ணினான். “அண்ணா, வாளை எடுத்தா ஆட்டமே நின்னுபோகுது.”

பொருள் பட்டியல் அவன் எழுதுவது. எடுத்த பொருளின் விவரங்களை, அவன் வைத்த பெயரிலேயே குளோபலில் எழுதிவிடும்படி நேற்று நான்தான் மாற்றியிருந்தேன். வாளுக்கு 'டைப்' என்று ஒரு வரி போட்டிருக்கிறான். போடாமல் என்ன செய்வான்? ஆனால் 'டைப்' லுவாவின் சொந்த ஃபங்ஷன். அதுவும் அதே டேபிளில்தான் இருக்கிறது. அதன் இடத்தில் 'ஸ்வோர்ட்' என்ற வெறும் சொல் போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்த முறை டைப்பை ஃபங்ஷனாகக் கூப்பிட்டதும் ஆட்டம் மண்டையைப் போட்டுவிட்டது.

தப்பு யாருடையது என்று தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை.

ஞாயிறு, காலை

டோர்ஸ் என்று தனியாக ஒரு டேபிள். டோர்ஸ், சதுர அடைப்பு, 7. அதே மூன்று வரி, ஒட்டுவேலைகூட இல்லை. பொருட்களுக்கும் தனி டேபிள். தம்பி இனி எந்தப் பெயரும் வைக்கலாம். செவ்வாய்க்கிழமையும் நான் டேபிளில்தான் தேடியிருக்கிறேன், ஊரே குடியிருக்கும் டேபிளில்.

பதினோரு கதவும் திறக்கின்றன. பன்னிரண்டாவதற்கு இன்னும் கல் வரையவில்லை.