பலகை இல்லாத கடை

28.11.2024, வியாழன்

விழுப்புரம் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் பானைக் கடைக்குப் போய்விட்டேன். இப்போதெல்லாம் அதுதான் வழக்கம். திண்டிவனத்தின் அந்தத் தெருமுனையில் பெயர்ப்பலகை கிடையாது. ஓட்டு வீடு, முன்னால் திண்ணை, திண்ணை நிறையக் காயப்போட்ட அகல். கார்த்திகை தீபத்துக்குப் பதினைந்தே நாள். உட்கார இடம் தெரியாமல் நின்றேன். ஆயா ஒரு பலகை அகலை அப்படியே தூக்கி நகர்த்தி, "இன்னா நிக்கிற, குந்து" என்றார்.

தாத்தா சக்கரத்தில் இருந்தார். ஒரே உருண்டை மண். அதன் உச்சியில் கட்டைவிரல் இறங்கும், விளிம்பில் ஒரு கிள்ளு விழும், நூலால் அறுத்து எடுப்பார். பிறகு அதே உருண்டையில் அடுத்த அகல். பார்த்துக்கொண்டே இருக்கலாம். ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் தினமும் வந்து அப்படித்தான் பார்க்கிறார். பூக்கட்டும் அக்கா தன் கூடையோடு வந்துவிடுவார். டியூஷனுக்குப் போகிற பிள்ளைகள் மூன்று பேர் வழியில் இறங்கி, மண்ணில் யானை செய்துவிட்டுப் போவார்கள். இவர்களில் யாரும் இன்று எதுவும் வாங்கவில்லை. நானும்தான்.

டீக்கடை பெஞ்சில் நான் போய் உட்கார்ந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கோயில் என்றால் நடை சாத்தும் நேரம் இருக்கிறது. வேலை முடிந்து வருகிற பெண்பிள்ளை காரணமே இல்லாமல் அரை மணி நேரம் உட்கார இந்த ஊரில் எத்தனை இடம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு விரலைத் தாண்டவில்லை.

2.12.2024, திங்கள்

ஆபீஸ் போக வழியில்லை. ஃபெஞ்சல் புயல் கரை கடந்தும் நகராமல் நின்று கொட்டித் தீர்த்துவிட்டது. பக்கத்தில் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டதில் தென்பெண்ணை பெருகி, அரசூரில் நெடுஞ்சாலையிலேயே வெள்ளம். விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தைத் தண்ணீர் தொட்டதால் ரயிலும் இல்லை.

சாயங்காலம் முழங்கால் தண்ணீரில் நடந்து கடைக்குப் போனேன். திண்ணையில் இருந்த அகலெல்லாம் கூழ். உள்ளே தூக்கி வைத்ததிலும் பாதி ஈரத்தில் அமுங்கிவிட்டது. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஆயாதான் பேசினார்: "சுட்டது ஒடைஞ்சா ஓடு கண்ணு. இது பச்ச. கரைஞ்சா மறுபடி மண்ணுதான." இரண்டு கையாலும் அந்தக் கூழை வழித்து அண்டாவில் போட்டுக்கொண்டிருந்தார்.

மண் வீணாகவில்லை என்பது சரி. நாள் வீணாகிவிட்டதே.

5.12.2024, வியாழன்

வீணான நாளை எப்படி மீட்பது என்பதுதான் இன்று பேச்சு. அகலை முதலில் நிழலில் ஆறவிட வேண்டும். எடுத்ததும் வெயிலில் வைத்தால் விரிசல் விடும். உள்ளே துளி ஈரம் தங்கினாலும் சூளையில் அது ஆவியாகி அகலை வெடிக்க வைக்கும், பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து. அதனால் அவசரம் பலிக்காது. வெயிலும் வரவில்லை.

கரண்ட் வந்துவிட்டது. கேங்மேன் தாத்தா தன் வீட்டு டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். பூக்கார அக்கா வீட்டுப் பரணில் நனையாத வைக்கோல் இருந்தது. பிள்ளைகளுக்கு லீவு, மண்ணை மிதிக்க விட்டதும் தெருவே சிரித்தது. எனக்கு எழுத்து வேலை. மண்பாண்டத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்தவர்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வரும். அதற்கான தாள்களை அடுக்கி, தாத்தாவிடம் கைநாட்டு வாங்கினேன். ஒரு சூளை அளவு சரக்கு கரைந்த வீட்டுக்கு 5,000 எந்த மூலைக்கு என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

புது மண்ணுக்கு வழியில்லை. ஏரியில் களிமண் எடுக்க வட்டாட்சியரிடமே அனுமதி வாங்கலாம் என்று இந்த வருஷம்தான் விதியைத் தளர்த்தினார்கள். நல்ல காரியம். ஆனால் ஏரி இப்போது தளும்புகிறது, இனிக் கோடையில்தான். கொல்லையில் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கும் குவியல்தான் அதுவரைக்கும்.

13.12.2024, வெள்ளி

தீபம். முந்தாநாள் சிறு சூளையாகப் போட்டார்கள். அடியில் விறகும் விராட்டியும், நடுவில் அகல், மேலே வைக்கோல் பரப்பிச் சேற்றால் மெழுகினார்கள். முதலில் புகைச்சூடு மட்டும். தீயை ஏற்ற தாத்தா யாரையும் விடவில்லை. நேற்றுப் பிரித்தபோது எட்டில் ஒன்று வெடித்திருந்தது. "பரவால்ல" என்றார். அவர் வாயில் அது பெரிய சொல்.

மார்க்கெட்டில் அச்சில் வார்த்த, ஜிகினா ஒட்டிய விளக்குகள் குவிந்து கிடக்கின்றன. மழைக்குத் தப்பிய சரக்கு, விலையும் குறைவு. ஆனாலும் கடையில் மத்தியானத்துக்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது. வாங்கியவர்களில் பாதிப் பேர் மண் மிதித்தவர்களின் வீட்டார். இதை வியாபாரம் என்பதா, மொய் என்பதா?

12.1.2025, ஞாயிறு

பொங்கலுக்கு இரண்டு நாள். இன்று ஆயா பானையை விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். கணீரென்றால் நல்ல பானை. சத்தம் மழுங்கினால் எங்கேயோ கீறல். நான் தட்டிய மூன்றும் எனக்கு ஒரே சத்தம்தான். அவர் ஒன்றை ஒதுக்கி வைத்துவிட்டு வேறு எடுத்துக் கொடுத்தார்.

ஒரு பானை விழுப்புரத்தில் இருக்கும் அண்ணிக்கு, இரண்டு அவர்கள் பக்கத்து வீட்டுக்கு. விழுப்புரத்துக்குப் பக்கத்திலேயே ராகவன்பேட்டையில் பானை செய்கிறார்கள், இங்கிருந்து சுமப்பானேன் என்று அண்ணன் போனில் கேட்டான். பதில் சொல்லவில்லை. வைக்கோல் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கூட்டேரிப்பட்டில் ஏறிய அம்மா ஒருத்தர் பானையைத் தட்டிப் பார்த்துவிட்டு, எந்தக் கடை என்று கேட்டார்.

பெயர் சொல்ல வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி எப்படிப் போவது, எந்த முனையில் திரும்புவது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அடையாளம் கேட்டார். திண்ணையில் நாலைந்து பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், அந்த வீடுதான் என்றேன்.