ஏடு பெயர்த்தோனும் எந்திரத் திருத்தமும்

ஓலைச்சுவடிகளோடு பழகியோர் நன்கறிந்த இடர் ஒன்றுண்டு. ஏடு பெயர்த்தெழுதுவோன் தனக்கு விளங்காத சொல்லைக் கண்டவிடத்து, விளங்கும் சொல்லொன்றை இட்டு எழுதிச் சென்றுவிடுவான். தீங்கு கருதி அவன் அதனைச் செய்வதில்லை. நூல் பிழையின்றி இருத்தல் வேண்டும் என்னும் நன்னோக்கமே அவனை அவ்வாறு செய்விக்கும். ஆயின் திருத்திய இடம் எது, திருத்தியவன் யார் என்னும் குறிப்பு அவ்வேட்டில் இராது. 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், சுவடிதோறும் வேறுபட்டு நின்ற பாடங்களை ஒப்புநோக்கிப் பட்ட பாடு, பெயரில்லாத அத்திருத்தக்காரர் பலர் விட்டுச் சென்ற சுமையே ஆகும்.

இந்நாளில் நூல்கள் ஏட்டிலிருந்து அச்சிற்கு வந்தது போல அச்சிலிருந்து கணினிக்குச் செல்கின்றன. 1998-இல் முனைவர் கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் இத்துறையில் முன்னோடி. அத்திட்டத்தின் மின்னுரைகளைத் திறந்தால் முகப்பிலேயே தட்டெழுதியவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களைக் காணலாம். அப்பெயர்களைக் காணுந்தோறும் எமக்கு நபிமொழித் தொகுப்பாளர்களின் நினைவு எழும். செய்தியை மட்டும் கேட்டு அவர்கள் அமைந்தாரல்லர். யாரிடமிருந்து யார் கேட்டார் என்னும் அறிவிப்பாளர் தொடரையும் உடன் கேட்டனர். தொடரில் ஒரு கண்ணி அறுந்ததெனின் செய்தியின் தகுதியும் குறைந்தது.

கணினி வல்லுநரும் இத்தகைய தொடரொன்றைத் தமக்கென அமைத்துக்கொண்டனர் என்பதை யாம் மிகப் பிந்தியே அறிந்தோம். லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் 2005-இல் உருவாக்கிய 'கிட்' என்னும் கருவி, கோப்பில் நிகழும் மாற்றங்களைக் 'கமிட்' என்னும் பதிவுகளாக அடுக்கி வைக்கிறது. ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்தைய பதிவின் அடையாளத்தைத் தன்னுள் கொண்டிருத்தலின், இடையில் ஒன்றைக் கள்ளமாக மாற்றினால் பின்னுள்ள அனைத்தின் அடையாளமும் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு பதிவிலும் இரு பெயர்கள் உண்டு: மாற்றத்தை எழுதியவர் ஒருவர், அதனைப் பதிந்தவர் மற்றொருவர். பெரும்பாலும் இருவரும் ஒருவரே. இருவேறாகும் இடத்தில்தான் கதை பிறக்கிறது.

எம் துறை மாணாக்கர் சிலர், சீறாப்புராணத்தின் விலாதத்துக் காண்டத்தைப் பழைய அச்சுப்படியொன்றிலிருந்து தட்டெழுதத் தொடங்கினர். சென்னையில் மென்பொருள் பணியிலிருக்கும் எம் பழைய மாணவர் ஒருவர் அவர்களுக்குக் கிட்ஹப்பில் இடம் அமைத்துத் தந்தார். 2019 முதல் பொதுப் பயன்பாட்டிற்கு வந்த 'கிட்ஹப் ஆக்சன்ஸ்' என்னும் ஏற்பாட்டையும் அதனோடு பிணைத்தார். மாணவர் எவரேனும் ஒரு பாடலைச் சேர்ப்பாராயின், எங்கோ ஒரு கணினி விழித்தெழும். கோப்பு முழுவதையும் ஆராயும். விதிக்குப் புறம்பானவற்றைத் திருத்தும். திருத்தியதைத் தானே பதிவும் செய்துவிடும். திருத்த ஏதுமில்லையெனின் ஒன்றும் எழுதாது. தான் எழுதிய பதிவைக் கண்டு தானே மீண்டும் விழித்து முடிவில்லாச் சுழலில் விழாதவாறும் அதற்குத் தடை உண்டு. வரிக்கடையில் நின்ற வெற்றிடங்களை நீக்குதல், இரு குறிகளாகப் பிரித்தடிக்கப்பட்ட ஒகரக் குறியை ஒன்றாக்குதல் போன்ற வேலைகளை அது செய்தபோது யாம் மகிழவே செய்தோம். நூறு பக்கத்தில் வெற்றிடம் தேடுவதற்கா மனிதனுக்குக் கண்!

பின்னர் ஒரு விதி கூடிற்று. தமிழ்த் தட்டெழுத்தில் நெடுநாளாக நிலவும் பிழை அது. 'ஔவை' என்பதை ஔகாரத்தால் அடியாமல் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடிப்போர் பலர். கண்ணுக்கு வேற்றுமை தோன்றாது. தேடும்போதோ கணினிக்கு அகப்படாது. 'கௌரவம்' என்பதற்கும் இதே நிலை. ஆதலின் ஒகரமும் ளகரமும் சேர்ந்து வந்தால் ஔகாரமாக்குக, எகரக் குறியும் ளகரமும் சேர்ந்து வந்தால் ஔகாரக் குறியாக்குக என மாணவர் ஒருவர் விதி எழுதினார். நோக்கம் நன்றே. ஆயின் 'ஒளி' என்னும் சொல்லிலும் ஒகரத்தை அடுத்து ளகரம் நிற்கிறதன்றோ?

மறுநாள் 'ஒளி' எல்லாம் 'ஔி' ஆயிற்று. 'தெளிவு' எல்லாம் 'தௌிவு' ஆயிற்று. வேறெந்த நூலாயினும் இழப்பு சிலவிடத்தோடு நின்றிருக்கும். இதுவோ சீறாப்புராணம்! நபி பெருமானாரின் பேரொளி தலைமுறை தலைமுறையாக இறங்கி வருவதைப் பாடும் தலைமுறைப் படலம் உள்ள காண்டம். அங்கே ஒளி இல்லாத பக்கத்தைத் தேடித்தான் காணவேண்டும்.

ஒரு வரியை இறுதியாக மாற்றியவர் யார் எனக் காட்டுவதற்குக் கிட்டில் ஒரு கட்டளை உண்டு. அதன் பெயரே 'பிளேம்', அஃதாவது பழி. அதனை இட்டுப் பார்த்தபோது, சிதைந்த வரிகள் அனைத்தின் எதிரிலும் இரண்டாமாண்டு மாணவி ஒருவரின் பெயர் நின்றது. அவர் செய்ததெல்லாம் ஒரு பாடலில் விடுபட்ட சீரொன்றைச் சேர்த்ததே. அச்சேர்க்கையால் விழித்தெழுந்த எந்திரம் கோப்பு முழுவதையும் மாற்றி, தன்னை எழுப்பியவர் பெயரையே 'எழுதியவர்' எனப் பொறித்துவிட்டது. தானியங்கிப் பதிவிற்குப் பரவலாகப் பயன்படும் கருவியின் இயல்பான அமைப்பே அதுதான். பதிந்தவர் என்னுமிடத்தில் எந்திரத்தின் பெயர் இருந்தது. ஆயின் 'பிளேம்' அந்த இரண்டாம் பெயரைத் தானாகக் காட்டுவதில்லை. அம்மாணவி துறைக்கு வந்து கேட்டது ஒன்றே: "ஐயா, என் பெயரை அங்கிருந்து எடுத்துவிட முடியுமா?"

இவ்விடத்தில் எம் ஊரைச் சற்றே நினைக்கின்றோம். விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களில் அகலும் பொம்மையும் அச்சில் வார்த்தெடுக்கப்படுகின்றன. அத்தகைய கூடமொன்றில் நெடுங்காலம் பணியாற்றியவர் எம் சின்னத்தா. சூளையிலிருந்து வரும் பொம்மைகளில் ஒரே இடத்தில் ஒரே குறை தொடர்ந்து காணப்படின், சூளைக்குச் சுமந்து சென்றவரை ஒருவரும் வினவுவதில்லை. எந்த அச்சிலிருந்து வந்தது என்றே கேட்பர் எனச் சொல்வார். இங்கே விதியே அச்சு. மாணவி சூளைவரை சுமந்து சென்றவர்.

பழைய பதிவுகளை அழித்து வரலாற்றையே மாற்றி எழுதக் கிட்டில் வழியுண்டு. அவ்வாறே செய்து அப்பெண்ணின் பெயரைக் காப்போம் என மூத்த ஆசிரியர் இருவர் கூறினர். அவர்தம் பரிவை யாம் மதிக்கின்றோம். எனினும் உடன்படவில்லை. அழித்துவிட்டால் ஏடு பெயர்த்தோனின் பழைய மௌனத்திற்கே திரும்பியவராவோம். 'ஒளி' எவ்வாறு கெட்டது என்பதை இனிவருவோர் அறியார். ஆதலின் அப்பதிவை முறிக்கும் புதிய பதிவொன்றை மேலே இட்டோம். மாற்றியது எந்திரம், காரணம் இன்ன விதி, பெயர் கருவியின் அமைப்பால் வந்தது என்னும் விளக்கம் அதில் உள்ளது. அதனை எழுதியவர் அம்மாணவியே. முழுநிறைவோடு எழுதினார் என யாம் கூறமாட்டோம். அவர் பெயர் இன்றும் பழைய பதிவில் இருக்கத்தான் செய்கிறது.

விதியை எழுதிய மாணவர் அதனைத் தாமே மாற்றியமைத்தார். ஔகாரம் பெறும் சொற்களின் பட்டியல் ஒன்று இப்போது உண்டு. அதிலுள்ள சொற்களுக்கு மட்டுமே அவ்விதி பொருந்தும். எந்திரத்தின் பதிவுகளில் எழுதியவர், பதிந்தவர் ஈரிடத்தும் எந்திரத்தின் பெயரே நிற்கிறது. வெற்றிடத் திருத்தங்களை அது தானே பதிகிறது. எழுத்தைத் தொடும் திருத்தமாயின், மூலக்கோப்பில் பதியாமல் தனிக்கிளையில் முன்மொழிந்துவிட்டுக் காத்திருக்கிறது. தமிழ் விக்கிமூலத்திலும் இதற்கு நிகரான ஒழுங்கைக் கண்டோம். தானியங்கி ஏற்றிய பக்கம் சிவப்பாய் நிற்கும். ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் மஞ்சளாகும். வேறொருவரும் பார்த்தாலன்றிப் பச்சையாகாது. விரைவு குறையும் என்பது உண்மையே. சில கிழமைகளில் எம் மாணாக்கர் அந்த முன்மொழிவுகளைத் திறந்தும் பாராமல் விட்டுவிடுவதும் உண்டு. தேர்வுக்காலத்தில் சொல்லவே வேண்டா.

இப்போது காத்திருப்பது பாடல் எண் பற்றிய முன்மொழிவு. தமிழெண் ஒன்றும் ககரமும் அச்சில் ஒரே வடிவின. எண் நிற்கவேண்டிய இடங்களில் ககரம் அடிக்கப்பட்டுள்ளது என்கிறது எந்திரம். பெரும்பாலும் அது சொல்வது சரியே. இரண்டிடங்களில் மட்டும், முந்தைய அடியின் இறுதிச் சொல்லுக்குரிய ககரமோ என ஐயம் எழுந்துள்ளது. அச்சுப்படியில் அவ்விடத்தைச் செல்லரித்திருத்தலின், வேறொரு படி தேடி அம்மாணவி நூலகத்திற்குச் சென்றிருக்கிறார்.