புல எண் எட்டு

வளவனூரில் நிலம் வைத்திருப்பவர்களுக்குப் புல எண் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டாவுக்குள் நிலம் இல்லை. அதில் இருப்பவை ஒரு புல எண்ணும் ஓர் உட்பிரிவு எண்ணும்தான். அவற்றைப் பிடித்துக்கொண்டு போனால் நம் வரப்பில் போய் நிற்கலாம். ஓர் இலக்கம் பிசகினால் அடுத்தவர் வரப்பில் நிற்போம். யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள் கருவிகளைக் கையாளும் விதத்தை எங்களுக்கு விளங்கவைத்தது இந்தப் பட்டாதான்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. எங்களுக்குத் தெரிந்த வீடுகளில் அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நாங்கள் பார்த்தோம். உள்ளே 'டெவ்' என்று ஓர் அடைவு. அதில் வன்தட்டு, விசைப்பலகை, மவுஸ் எல்லாம் கோப்புகளாக வரிசையில் நின்றன. மவுஸுக்குரிய கோப்பைப் படிக்கக் கட்டளையிட்டுவிட்டு மவுஸை அசைத்தால், திரையில் புரியாத குறிகள் கொட்டின. அன்றிரவு வெகுநேரம் அதையே செய்துகொண்டிருந்தோம்.

இக்கோப்புகளுக்குள் எதுவும் இல்லை. சாதாரணக் கோப்பைப் பட்டியலிட்டால் அதன் அளவு தெரியும் இடத்தில், இவற்றுக்கு இரண்டு எண்கள் தெரிகின்றன. முதல் வன்தட்டுக்கு 8, 0. அதன் முதற்பகுதிக்கு 8, 1. அடுத்துச் செருகும் தட்டுக்கு 8, 16. முதல் எண்ணைக் கொண்டு கெர்னல் உரிய இயக்கியைக் கண்டடைகிறது. அந்த இயக்கியின் பொறுப்பிலுள்ள எந்தக் கருவி என்பதை இரண்டாம் எண் சொல்கிறது. டென்னிஸ் ரிட்சியும் கென் தாம்ப்சனும் 1974இல் வெளியிட்ட யுனிக்ஸ் பற்றிய கட்டுரையில் இந்த ஏற்பாட்டுக்கு மூன்று நன்மைகளைச் சொல்கிறார்கள். கோப்புக்கும் கருவிக்கும் உள்ளீடும் வெளியீடும் ஒன்றுபோல் ஆகின்றன; கோப்பின் பெயரை எதிர்பார்க்கும் நிரலிடம் கருவியின் பெயரைக் கொடுத்துவிடலாம்; கோப்புக்குரிய காவலே கருவிக்கும் காவலாகிறது. (லினக்ஸில் வலையட்டை மட்டும் இந்தப் பந்தியில் உட்காருவதில்லை. டெவ் அடைவில் அதற்குப் பெயர் கிடையாது.)

அந்த இரண்டாவது நன்மைதான் எங்களை வீழ்த்தியது.

சில ஆண்டுகளுக்குப் பின், பழசாகிப்போன அந்த மடிக்கணினியில் புதிய லினக்ஸை நிறுவ எண்ணி, ஒரு பென் டிரைவைத் தயார் செய்ய உட்கார்ந்தோம். 'டிடி' என்பது பழைய யுனிக்ஸ் கட்டளை. எதிலிருந்து எதற்கு என்பதை மட்டும் சொன்னால் போதும். உறுதியா என்று அது திருப்பிக் கேட்காது. பென் டிரைவின் பெயர் 'எஸ்டிபி'. நாங்கள் தட்டியது 'எஸ்டிஏ'. நிர்வாகி உரிமையோடு தட்டியதால் காவலும் குறுக்கே வரவில்லை. புரிந்து நிறுத்துவதற்குள் வன்தட்டின் தொடக்கப் பகுதி மேலெழுதப்பட்டுவிட்டது.

எங்கள் ஆயாவின் குரல் அந்தத் தட்டில் மட்டும்தான் இருந்தது. நடவுப் பாட்டும் ஒப்பாரியுமாக முப்பத்தாறு பதிவுகள். ஆயா இறந்து அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. வேறு பிரதி எடுத்துவைக்காத எங்கள் சோம்பலை யார்மேலும் சுமத்த முடியாது.

மீட்டதும் அதே வழியில்தான். தட்டைக் கழற்றி நண்பர் ஒருவரின் கணினியில் பொருத்தினோம். அடைவுகளோ பட்டியலோ எஞ்சவில்லை. ஆனால் தட்டு முழுவதும் ஒரே நெடிய கோப்பாக டெவ் அடைவில் நின்றது. இந்த முறை ஒவ்வோர் எழுத்தையும் இருவர் வாய்விட்டுப் படித்தபின், அதை முதலில் வேறொரு தட்டில் பிரதியெடுத்தோம். பிறகு 'ஃபோட்டோரெக்' என்ற கட்டற்ற நிரல் அந்தப் பிரதியைத் தொடக்கத்திலிருந்து படித்து, ஒலிக்கோப்பு தொடங்கும் அடையாளம் தென்பட்ட இடங்களிலெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தது. இரவு முழுதும் ஓடியது. முப்பத்தோரு பதிவுகள் கிடைத்தன. பெயர்கள் திரும்பவில்லை; நாங்கள் இட்டிருந்த 'நடவு', 'தாத்தா ஒப்பாரி' எல்லாம் போய் வெறும் எண்கள்.

எது எந்தப் பாட்டு என்று சொல்லச் சித்தியைத்தான் கூப்பிட்டோம். ஒவ்வொன்றையும் முழுதாகக் கேட்டுவிட்டே சொன்னார். ஒன்றில் பின்னணியில் புதுச்சேரி ரயில் ஊதியது. திண்ணையில் பாடியது என்றார். இன்னொன்று பாதியில் வெட்டுப்பட்டு நின்றது. மிச்ச வரியைச் சித்தி தாமாகவே பாடி முடித்தார். அப்போது நாங்கள் யாரும் பதிவுசெய்துகொண்டிருக்கவில்லை.