எதிரெதிர் அமரும் மேசை

செவி மங்கியவரோடு பழகுவதற்கு எதிரெதிரே அமர்வதைவிடச் சிறந்த வழி இல்லை. எடப்பாடியில் இதனை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. விசைத்தறிக் கொட்டகையில் இளமையைக் கழித்தவர் தெருவுக்குத் தெரு உண்டு. 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஓசையில் நாள்தோறும் எட்டு மணி நேரம் நிற்பவரின் செவி காலப்போக்கில் பழுதுறும் என்பர் மருத்துவர். பல தறிகள் ஒருங்கே ஓடும் கொட்டகை அந்த அளவை எளிதில் கடந்துவிடும். எம் அண்ணன் அங்கே முப்பத்திரண்டு ஆண்டுகள் நின்றவர். இன்று நம் வாயசைவைப் பார்த்தே விடை சொல்கிறார். பக்கவாட்டில் அமர்ந்து பேசினால் புன்னகையோடு தலையாட்டுவார். ஒன்றும் விளங்கவில்லை என்று பொருள்.

அவருடைய பேரனுக்குப் பன்னிரண்டு வயது. கைப்பேசியோடு மூலையில் குனிந்திருப்பான். குனிந்த முகத்தின் வாயசைவை எவர் படிப்பது? கேரம் பலகையை எடுத்து வைத்தோம். 2024ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் சென்னை காசிமா மூன்று தங்கம் வென்ற செய்தியையும் எடுத்துரைத்தோம். பையன் மரியாதைக்கு ஓர் ஆட்டம் ஆடிவிட்டு எழுந்து போனான். அவனை ஈர்ப்பது திரை. அண்ணனுக்கு வேண்டியது மேசை. இரண்டும் ஒன்றான பொருள் உலகில் உண்டா என்று தேடியபோது, ஜப்பான் நாட்டுக் காப்பிக் கடைகளைப் பற்றி அறிந்தோம்.

1978இல் டைட்டோ நிறுவனத்துக்காக டொமொஹிரோ நிஷிகாடோ ஆக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' அக்கடைகளில் மேசை வடிவில் பரவியது. கண்ணாடிக்கு அடியில் திரை மல்லாந்து கிடக்கும். காப்பிக் கோப்பையை அதன் மேலேயே வைத்துக்கொள்ளலாம். ஒருவர் முறை முடிந்ததும் படம் தலைகீழாகத் திரும்பி, எதிரே இருப்பவருக்கு நேராகும். எம்மைக் கவர்ந்தது அந்தத் திருப்பமே. 'உம் முறை' என்று எவரும் கூவ வேண்டியதில்லை.

திரைக்கு, அலுவலகங்கள் கழித்துவிட்ட 19 அங்குலப் பழைய திரை ஒன்று கிடைத்திருக்கிறது. இத்தகைய திரைகள் பலவற்றில் ஒரு குறை உண்டு: கீழ்ப்புறமிருந்து நோக்கினால் படம் கறுத்துவிடும். படுக்க வைத்தால் ஒருவருக்கு ஆட்டம், மற்றவருக்கு இருட்டு என்றாகுமே என எண்ணிப் பார்த்தோம். ஆனால் அப்பழைய ஆட்டங்களின் படம் அகலத்தைவிட உயரம் மிக்கது. ஆகவே இருவரும் அமர்வது திரையின் இடப்புறமும் வலப்புறமுமே. அவ்விரு புறமிருந்தும் காட்சி ஏறத்தாழ ஒன்றுபோல் தெரிகிறது. குறுக்கே நின்று யோசனை சொல்பவருக்குத்தான் இருட்டு. அதுவும் நல்லதே.

மேற்கண்ணாடி கடினமாக்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். கடினமாக்கியபின் அதனை அறுக்க இயலாதாகையால் அளவை முன்னரே முடிவு செய்தாக வேண்டும். சட்டத்துக்கு, மர்ஹூம் அத்தாவின் கைத்தறி பரணில் கிடக்கிறது. அதனைப் பிரிக்கலாமா என்று கேட்கத் தயங்கி நின்றோம். அண்ணனே ஏணியை எடுத்து வந்துவிட்டார். முழங்கால் நுழைய 25 அங்குலம் விட வேண்டும் என்பது தச்சர் கணக்கு.

எஞ்சியது ஆட்டம். பழைய ஆட்டங்களை இன்றைய கணினியில் இயக்கும் 'மாமே' என்னும் மென்பொருள் 1997 முதலே உண்டு. அன்பர் ஒருவர் ஆயிரக்கணக்கான ஆட்டங்களைச் சிறு சில்லு ஒன்றில் பதிந்து தர முன்வந்தார். மென்பொருள் தடையற்றது, ஆட்டங்களோ பெரும்பாலும் இன்றும் நிறுவனங்களின் உடைமை. "யாருடைய பொருள் அது?" என்று அண்ணன் கேட்டார். சில்லு திரும்பிச் சென்றது.

ஆகவே பேரனே ஆட்டத்தை எழுதுவது என்று முடிவாயிற்று. ராஸ்பெர்ரி பை என்னும் உள்ளங்கைக் கணினியும் பைத்தான் மொழியும் இதற்குப் போதும். படத்தைத் தலைகீழாக்க ஒரு வரிக் கட்டளை. விண்கப்பல் வேண்டாம், தறி ஓடட்டும் என்றான். ஆனால் தறியைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்?

"நூல் அறுந்தால் என்ன ஆகும், நன்னா?" என்று நேற்று மூலையிலிருந்து கேட்டான். அண்ணனுக்கு எட்டவில்லை. எழுந்து வந்து அவர் எதிரே அமர்ந்து மீண்டும் கேட்டான்.

"ஊடை அறுந்தால் தறி தானே நிற்கும். பாவு அறுந்தால் நிற்காது, நீதான் பார்க்க வேண்டும்" என்றார் அண்ணன்.

பையன் அதைத் தாளில் குறித்துக்கொண்டான். தச்சர் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.