கோப்பையும் கூண்டும்

 

நாள்தோறும் காலையில் நாம் பருகும் காப்பியின் வரலாற்றில் முஸ்லிம்களுக்குரிய பங்கினை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? பதினைந்தாம் நூற்றாண்டில் யமன் நாட்டு சூஃபியாக்கள், இரவு வணக்கத்தின்போது உறக்கம் அண்டாதிருக்க இதனைப் பருகினார்கள். 'கஹ்வா' என்னும் அரபுச் சொல்லே பல மொழிகளைக் கடந்து நம்மிடம் 'காப்பி' ஆயிற்று. 1511-ஆம் ஆண்டில் மக்கா நகரில் இதற்குத் தடை விதிக்கப்பட்டதும், பின்னர் அத்தடை நீங்கியதும் வரலாறு. ஹஜ்ஜிலிருந்து திரும்பிய பாபா புதன் என்னும் பெரியார், ஏழு விதைகளைக் கொணர்ந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது கன்னட நாட்டில் வழங்கும் செவிவழிச் செய்தி. 1696-இல் டச்சுக்காரர்கள் மலபாரிலிருந்து காப்பிக் கன்றுகளை ஜாவாவுக்குக் கொண்டு சென்றார்கள். அவை அழிந்துபோகவே, 1699-இல் மீண்டும் கொண்டு சென்றார்கள். இந்தோனேசியத் தீவுகளில் காப்பி வேரூன்றியது இவ்வாறுதான்.

அத்தீவுகளுள் ஒன்றான பாலிக்கு, சிங்கப்பூரில் வாழும் மைத்துனர் குடும்பத்தாருடன் விடுமுறையில் செல்லும் வாய்ப்பினை அல்லாஹ் அளித்தான். உபூது என்னும் ஊரிலிருந்து கிந்தாமணி மலைக்கு ஏறும் சாலையோரத்தில், காப்பியைச் சுவைத்துப் பார்க்க அழைக்கும் தோட்டங்கள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றில் எங்கள் வண்டி நின்றது.

சுவைத்துப் பாருங்கள்!

வழிகாட்டும் இளைஞர் ஒருவர் எங்களை ஒற்றையடிப் பாதையில் அழைத்துச் சென்றார். காப்பிச் செடி, கொக்கோ மரம், வனிலாக் கொடி, பட்டை, கிராம்பு என ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினார். ஒரு மூதாட்டி விறகடுப்பில் இரும்புச் சட்டியை ஏற்றிக் காப்பிக்கொட்டையை வறுத்துக் கொண்டிருந்தார். அருகில் உரலும் உலக்கையும் இருந்தன. பிறகு எங்களை அமர வைத்து, நீண்ட பலகையில் சிறுசிறு கோப்பைகளை அடுக்கிக் கொண்டுவந்தார்கள். இஞ்சித் தேநீர், எலுமிச்சைப்புல் தேநீர், தேங்காய்க் காப்பி, வனிலாக் காப்பி எனப் பல வகை, எதற்கும் கட்டணமில்லை.

அந்நாட்டு முறையில் வடிகட்டி கிடையாது. நுண்தூளைக் கோப்பையிலிட்டுக் கொதிநீர் ஊற்றி, மண்டி அடியில் தங்கும்வரை பொறுத்திருந்து பருகுகிறார்கள். சிக்கரி கலந்த டிகாக்ஷனில் பால் ஊற்றிக் குடித்துப் பழகிய நம் நாவுக்கு அது புதுமையே. கிந்தாமணிக் காப்பி, பத்தூர் எரிமலையைச் சூழ்ந்த மலைச்சரிவில் ஆரஞ்சு மரங்களுக்கு ஊடே பயிராவது. அதில் எலுமிச்சையை நினைவூட்டும் மெல்லிய புளிப்பு உண்டு. 2008-இல் இந்தோனேசியாவின் முதல் புவிசார் குறியீட்டைப் பெற்ற பெருமையும் அதற்குரியது.

ஒரே ஒரு கோப்பைக்கு மட்டும் தனி விலை சொன்னார்கள்: 50,000 ரூபியா. அதுதான் 'லுவாக்' காப்பி.

லுவாக் என்பது நம் ஊர் மரநாயின் இனத்தைச் சேர்ந்த பிராணி. அது காப்பிப் பழத்தை உண்கிறது, சதை செரிக்கிறது, கொட்டை முழுமையாகவே எச்சத்தோடு வெளியேறுகிறது. அதனைப் பொறுக்கிக் கழுவி, உலர்த்தி, மேலோட்டை நீக்கி வறுக்கிறார்கள். டச்சு ஆட்சி 1830-இல் கட்டாயச் சாகுபடி முறையைக் கொணர்ந்த காலத்தில், தாம் விளைவித்த காப்பியைத் தாமே பறித்துக் குடிக்க உரிமையற்றிருந்த உழவர்கள் கண்டறிந்த வழி இது என்று சொல்லப்படுகிறது. ஏழைகளின் ஏக்கத்தில் பிறந்த பானம் இன்று செல்வர்களின் ஆடம்பரமாகி விட்டது!

மார்க்கம் என்ன சொல்கிறது?

எச்சத்திலிருந்து எடுத்ததை அருந்தலாமா என்ற ஐயம் உங்களுக்கும் எழும். இந்தோனேசிய உலமா சபை 2010-இல் இதனை ஆராய்ந்து ஃபத்வா வழங்கியது. கொட்டை தன் ஓட்டுக்குள் சிதையாமல் இருக்க வேண்டும். ஊன்றினால் முளைக்கும் தன்மை மாறாதிருக்க வேண்டும். அவ்வாறாயின் அது நஜீஸ் பட்ட பொருளே தவிர, நஜீஸ் அன்று. நன்கு கழுவினால் ஹலால். இது புதிதாகக் கண்ட முடிவும் அன்று. கால்நடை விழுங்கிய தானியம் முளைக்கும் திறனோடு வெளிவந்தால் கழுவித் தூய்மையாக்கலாம் என்று ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் அன்றே எழுதியுள்ளார்கள்.

இதனை நான் விளக்கியதும், "பிறகென்ன மச்சான், ஆளுக்கொரு கோப்பை சொல்லிவிடலாமே!" என்றார் மைத்துனர்.

என்னால் இசைய இயலவில்லை. காரணம், வரும் வழியில் நாங்கள் கண்ட கூண்டு. லுவாக் பகலில் உறங்கி, இரவில் மரம் விட்டு மரம் தாவித் தனித்துத் திரியும் பிராணி. அதுவோ பட்டப்பகலில் கம்பித் தரையின்மீது ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓயாது நடந்துகொண்டிருந்தது. "ராத்திரி ஆனால் இதைத் திறந்து விடுவார்களா, அத்தா?" என்று என் இளைய மகள் கேட்டாள். வழிகாட்டியிடம் வினவினேன். "இது பார்வைக்கு மட்டும், காப்பி காட்டிலிருந்து வருகிறது" என்றார். அவர் சொன்னது மெய்யாகவே இருக்கலாம். ஆனால் கோப்பையைப் பார்த்து அதனை அறிய வழியில்லை.

பாலியில் 16 தோட்டங்களில் கூண்டிலடைத்த 48 மரநாய்களை ஆய்வாளர்கள் ஆராய்ந்து, அவற்றின் அவலநிலையை 2016-இல் வெளியிட்டார்கள். 1991-இல் இக்காப்பியை மேலை நாடுகளுக்கு அறிமுகப்படுத்திய டோனி வைல்ட் என்னும் ஆங்கிலேய வணிகரே, 2013-இல் இதற்கெதிராகப் பிரசாரத்தில் இறங்கினார். காட்டில் திரியும் லுவாக் நன்கு கனிந்த பழத்தையே தேர்ந்து உண்ணும் என்பதுதான் இக்காப்பிக்குச் சொல்லப்படும் சிறப்பு. கூண்டுக்குள் போட்டதைத் தின்னும் பிராணிக்குத் தேர்வு ஏது? அச்சிறப்புத்தான் ஏது?

ஒரு பூனையை அடைத்து வைத்து, தானும் உணவளிக்காமல், இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் நரக வேதனைக்கு ஆளானதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவான இந்த ஹதீஸை மதரஸாவில் சிறுவர்களுக்கும் கற்பிக்கிறோம். அங்கே தோட்டத்தார் உணவு கொடுக்கிறார்களே என்று கூறலாம். உயிர் வாழ உணவு போடுவதால் மட்டும் ஒரு ஜீவனுக்குரிய கடமை முடிந்துவிடுமா? உலமா சபையின் ஃபத்வா கொட்டையைப் பற்றியது. கூண்டைப் பற்றியது அன்று. 'ஹலால்' என்பதோடு 'தய்யிப்' என்பதையும் இணைத்தே இறைமறை பேசுவதை நாம் மறந்துவிடலாகாது.

மைத்துனர் சிறிது நேரம் சிந்தித்தார், பிறகு வற்புறுத்தவில்லை. இலவசமாகச் சுவைத்துவிட்டு வெறுங்கையோடு எழுவது பண்பாகாது என்பதால், கிந்தாமணிக் காப்பித்தூள் இரண்டு பொட்டலம் வாங்கினோம். தோட்டத்தார் முகம் கோணாமல் கட்டித் தந்தார்கள். அவர்கள்மீது குறைகூறுவது என் நோக்கமன்று. சுற்றுலாப் பயணிகள் விரும்பிக் கேட்பதைத்தான் எந்த வணிகரும் வைத்திருப்பார்.

ஆகவே, பாலிக்குச் செல்லும் வாய்ப்புப் பெறுவோர் காப்பித் தோட்டத்தைத் தவறாமல் பாருங்கள். மலைக்காப்பியை மனமாரச் சுவையுங்கள். "கூண்டில்லாத தோட்டத்திற்கு அழைத்துச் செல்லுங்கள்" என்று வண்டியோட்டியிடம் முன்னதாகவே சொல்லி வையுங்கள். கேட்போர் பெருகினால் கூண்டுகள் குறையும், இன்ஷா அல்லாஹ்.

உண்பதிலும் பருகுவதிலும் ஆகுமானதையும் தூயதையும் தேடுவோராக வல்ல ரஹ்மான் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.