கதவின் வெளிமுகம்

லா சப்பலுக்குச் சாமான் வாங்க வரும் நம்மவர்கள் நிமிர்ந்து மேலே பார்ப்பது குறைவு. கீழே கடைகளில் முருங்கைக்காயும் சேலைகளும் நகைக்கடை வெளிச்சமும் கண்ணைப் பறிக்கும். மேல் மாடிகளிலோ வெள்ளை, சாம்பல், மங்கிய தந்த நிறம். யன்னல்களுக்கு வெளியே இருக்கும் மடிப்புக் கதவுகளை இங்கே ‘வொலே’ என்பார்கள். ஒரு கட்டடத்தில் அவை எல்லாம் பெரும்பாலும் ஒரே நிறத்தில் இருக்கும். ஏன் என்பதை எனக்கு ஒரு பதிவுத் தபால்தான் படிப்பித்தது. புதிதாக வீடு வாங்கும் குடும்பங்களுக்கு உதவட்டும் என்று அந்தக் கதையை எழுதுகிறேன்.

பதின்மூன்று வருடம் வாடகை அறைகளில் இருந்துவிட்டு, 2004இல் கடன் எடுத்து லா சப்பலுக்குக் கிட்ட மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடொன்று வாங்கினோம். என் மனைவிக்கு ஒரே ஒரு ஆசை. யன்னல் கதவும் வாசற்கதவும் ஊர் வீட்டைப் போலப் பச்சையாக இருக்கவேண்டும்.

அந்தப் பச்சைக்கு ஒரு காரணம் உண்டு. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, அம்மா எங்கள் வீட்டுப் பச்சைக் கதவைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டு நடந்தவர். அடுத்த வருடம் திரும்பிப் போனபோது திறப்பு இருந்தது, கதவு இல்லை. நிலையோடு பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள்.

ஓகஸ்ட் மாதம், கட்டடத்தில் பாதிப்பேர் விடுமுறையில். நான் பழைய பெயின்ற்றைச் சுரண்டி, தெருப்பக்கத்து வொலேகளுக்கும் வாசற்கதவின் இரு பக்கத்துக்கும் பச்சை அடித்து முடித்தேன். செப்ரெம்பரில் கட்டட நிர்வாகியிடமிருந்து, அதுதான் ‘சண்டிக்’, பதிவுத் தபால் வந்தது. ஒரு மாதத்துக்குள் உங்கள் செலவில் பழைய நிறத்துக்கு மாற்றவும் என்று நாலு வரி.

எனக்கு இரத்தம் கொதித்தது. வெளிநாட்டான் வாங்கிய வீடு என்றபடியால்தானே இப்படி எழுதுகிறார்கள் என்று நினைத்தேன். “இஞ்சேருங்கோ, காசு குடுத்து வாங்கியும் இது எங்கட வீடில்லையோ?” என்று மனைவி கேட்டார். பதில் எனக்குத் தெரியவில்லை. பதினாலு வயது மகள்தான், “அப்பா, முதல்ல அந்தப் புத்தகத்தை வாசிப்பம்” என்றாள். வீடு எழுதும்போது நொத்தாரிசு தந்த கட்டட ஒழுங்குவிதிப் புத்தகம் பிஸ்கற் ரின்னுக்குள் பிரிக்காமலே கிடந்தது.

அதில் எல்லாம் இருந்தது. பலர் சேர்ந்து உடைமை கொண்ட கட்டடங்களுக்கு 1965 யூலை 10ஆம் திகதிச் சட்டம் பொருந்தும். வீட்டின் உள்ளே நம் விருப்பம். வெளித்தோற்றத்தை மாற்றுவதென்றால் பொதுக்கூட்டத்தின் அனுமதி வேண்டும். கூட்டத்துக்கு வந்தவர்களில் பெரும்பான்மை போதாது, வராதவர்களையும் சேர்த்து எல்லா உடைமையாளரின் வாக்குகளிலும் பெரும்பான்மை வேண்டும் என்பது பொது விதி. வொலே நமக்குச் சொந்தமானாலும் அதன் தெருமுகம் கட்டடத்தின் முகம். படிக்கட்டைப் பார்க்கும் வாசற்கதவின் வெளிப்பக்கமும் எங்கள் புத்தகத்தில் அப்படித்தான்.

இது எங்களுக்கு மட்டும் போட்ட சட்டமும் அல்ல. சேன் நதிக்கரையில் பழைய புத்தகம் விற்கும் பிரெஞ்சுக்காரர்கள்கூடத் தங்கள் பெட்டிகளுக்கு நகரசபை சொன்ன கரும்பச்சையைத்தான் அடிக்கவேண்டும். எங்கள் கட்டடத்து வயோதிப மாது ஒருவர், தானும் ஒருகாலம் நீலம் கேட்டு மறுக்கப்பட்டதாகச் சொல்லிச் சிரித்தார். அன்றைக்கு என் கோபம் பாதியாகியது.

வீடு வாங்குவோர் கவனிக்க வேண்டியவை இவை. நிறம் மாற்ற விரும்பினால், கூட்ட அழைப்பு அனுப்பப்படுமுன்பே சண்டிக்குக்குப் பதிவுத் தபாலில் எழுதி நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பியுங்கள். அழைப்பு கூட்டத்துக்குக் குறைந்தது 21 நாள் முன்பு வரவேண்டும். நகரசபையிலும் முன்னறிவித்தல் பத்திரம் கொடுக்கவேண்டும். வழக்கமாக ஒரு மாதம் பொறுக்கவேண்டும், பாதுகாக்கப்பட்ட கட்டடத்துக்குக் கிட்டவென்றால் இரண்டு மாதம். லா சப்பலுக்கு அருகிலுள்ள கார் து நோர் நிலையமே 1975 முதல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. புறநகரில் தனிவீடு வாங்குவோருக்குக் கூட்டம் இல்லாவிட்டாலும் நகரசபை உண்டு. வாடகைக்கு இருப்போர் வெளிப்பக்கத்தைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். 1949க்கு முன் கட்டிய வீடுகளின் பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூள் குழந்தைகளின் வாய்க்குள் போனால் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நான் வெறும் தகட்டால் சுரண்டியபோது இரண்டு வயது மகன் அதே அறையில் தவழ்ந்து விளையாடிக்கொண்டிருந்தான். விஷயம் தெரிந்தபின் டொக்டரிடம் கொண்டோடி இரத்தம் சோதித்தோம். முடிவு வரும்வரை நான் நித்திரை கொள்ளவில்லை. நல்லகாலம், ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட வீட்டை விற்பவர் ஈயச் சோதனை அறிக்கை தரவேண்டும் என்பது சட்டம். அதைக் கேட்டு வாங்கி, வாசித்தபின் கத்தியை எடுங்கள்.

வெளிப்பக்கத்தைத் திரும்பவும் சாம்பலாக்கினேன். வாசற்கதவின் உட்பக்கம் மட்டும் பச்சையாக நின்றது. ரெலிபோனில் அம்மாவுக்குச் சொன்னேன். “நிறம் என்னவெண்டாலும் பரவாயில்லை ராசா. பூட்டினால் பூட்டினபடி இருந்தால் காணும்” என்றார்.

சில வருடங்களுக்குப் பிறகு கட்டடத்தின் முகப்பை முழுவதும் புதுப்பித்தார்கள். வொலேகளுக்கு எந்த நிறம் என்று பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்பு நடந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை எடுக்காத எனக்கு இந்த நாட்டின் எந்தத் தேர்தலிலும் வாக்கு இல்லை. ஆனால் அந்த அறையில், ஆயிரத்தில் என் பங்கு எத்தனையோ அத்தனைக்கு வாக்கு இருந்தது. மூன்று மாதிரி அட்டைகளைக் காட்டினார்கள். மூன்றும் சாம்பல்தான். நடுவில் இருந்ததில் பச்சை கொஞ்சம் கலந்திருந்தது போல எனக்குப் பட்டது. அதற்குக் கை உயர்த்தினேன். அந்த வயோதிப மாதுவும் உயர்த்தினார்.

நாங்கள் தோற்றுவிட்டோம். ஆனாலும் அன்றிரவு வீட்டுக்கு வந்து பச்சைப் பக்கத்தைச் சாத்தியபோது, மனைவியின் பழைய கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது.